பால் நின்ற தேதி

அந்த மிஷினுக்கு அரசாங்கம் வைத்த பெயர் திசு வயதுமானி. அரசாங்கத்தைத் தவிர வேறு யாரும் அந்தப் பெயரைச் சொன்னதாகத் தெரியவில்லை. பாளையங்கோட்டைப் பெண்களுக்கு அது ஜோசியக்காரி. "என்னக்கா, ஜோசியக்காரிட்ட போயிட்டு வந்தாச்சா?" என்று காய்கறிக் கடையில் நின்றுகொண்டு சத்தமாகவே கேட்பார்கள். ஊர் ஜோசியர்கள் வரப்போவதைச் சொல்வார்கள், பாதி பலிக்காது. இவள் வந்து போனதைச் சொல்வாள், மாசம் கூடத் தப்பாது.

2066-ல் மார்பகப் படம் எடுத்துக்கொள்வது கண் பரிசோதனை மாதிரி சாதாரணமாகிவிட்டது. அதற்கு முந்தின காலத்தில், படத்தில் ஒரு வெள்ளைப் புள்ளியோ கட்டியோ தெரிந்தால் 'என்னமோ இருக்கிறது' என்று மட்டும்தான் சொல்ல முடியும். பழைய படத்தோடு ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். பெரிதாக்கி இன்னொரு படம் எடுப்பார்கள். ஸ்கேன் பார்ப்பார்கள். கடைசியில் ஊசியால் துளி சதை எடுத்து அனுப்பிவிட்டு, ஒரு வாரம் சாமியைக் கும்பிட்டுக்கொண்டு இரு என்பார்கள். ஜோசியக்காரி வந்த பிறகு அந்த ஒரு வாரமும் போயிற்று, ஊசியும் போயிற்று. இந்தப் புள்ளி எந்த வருஷம் எந்த மாசம் பிறந்தது, என்ன வேகத்தில் வளர்ந்தது என்று பத்தே நிமிஷத்தில் சொல்லிவிடுவாள். மெதுவாக வளர்ந்தது சாது. வேகமாக வளர்ந்தது எமன்.

நல்லதுதானே என்பீர்கள். நல்லதுதான். ஆனால் கையில் ஒரு தேதி கிடைத்துவிட்டால் மனுஷர்கள் சும்மா இருப்பார்களா? 'கட்டி கல்யாணத்துக்கு முந்தியே இருந்திருக்கிறது, மறைத்துக் கட்டி வைத்துவிட்டார்கள்' என்று, இருபது வருஷம் குடித்தனம் நடத்திய பெண்டாட்டியைப் பிறந்த வீட்டுக்கு அனுப்பினான் ஒரு புண்ணியவான். ஆயுசு முழுக்கப் படம் பார்த்தே கண் பூத்துப்போன ஒரு டாக்டரம்மாவை, 'நீ பார்த்த அன்றைக்கே அது இருந்ததே' என்று கோர்ட்டுக்கு இழுத்தார்கள். தன் கட்டி பிறந்த மாசமும் புருஷன் செத்த மாசமும் ஒன்று என்று தெரிந்து, 'இருக்காதா பின்னே' என்று சிரித்துக்கொண்டே அழுதவளும் உண்டு.

தாரிணி இதையெல்லாம் கேட்டு உச்சுக்கொட்டுகிற ஆள்தான், தனக்கு நடக்கும் என்று நினைக்கவில்லை. வயது அறுபத்திரண்டு. புருஷன் போய் நாலு வருஷம். பிள்ளை இல்லை. அதாவது, ஒரு பிள்ளை பிறந்து ஆறு நாள் இருந்துவிட்டுப் போயிற்று. வழக்கமான படத்தை எடுத்துவிட்டு வந்த மூன்றாம் நாள், 'மறு பரிசோதனைக்கு வரவும்' என்று போனில் செய்தி வந்தது. அதைப் படித்ததும் அடுப்பில் இருந்த சொதிக் குழம்பை இறக்கக்கூட மறந்துவிட்டாள்.

துணைக்கு வந்தவள் பிரதீபா. தாரிணியின் கொழுந்தன் பெண்டாட்டி, ஓரகத்தி. ரிட்டயரான கணக்கு வாத்தியார். பஸ்ஸில் ஏறினால் கண்டக்டரையே நிமிர்ந்து உட்கார வைக்கிற பெண்மணி. இரண்டு பேரும் ஒரே வீட்டில் பதினொரு வருஷம் ஒன்றாக இருந்து, பிறகு பக்கத்துப் பக்கத்துத் தெருவில் வீடு கட்டிக்கொண்டு போனவர்கள்.

பரிசோதனை நிலையத்தில் இருந்த பெண்ணுக்கு ஜெபசீலி என்று பெயர். முப்பது வயசு இருக்கும். காலம் எப்படிச் சுற்றுகிறது பாருங்கள், கிழவிகளுக்குத் தாரிணி, பிரதீபா என்று பெயர், குமரிகளுக்கு ஜெபசீலி.

"பயப்படாதீங்கம்மா," என்றாள் ஜெபசீலி. "பத்துப் பேரைத் திருப்பிக் கூப்பிட்டா ஒம்பது பேருக்கு ஒண்ணும் இருக்காது. படம் சரியா விழுந்திருக்காது. நீர்க்கட்டியா இருக்கும். அக்குள்ல பவுடர் போட்டுட்டு வந்திருப்பாங்க, அது புள்ளி புள்ளியாத் தெரியும்."

"நான் பவுடரே போடுறதில்ல."

"தெரியும்மா. அதான் இன்னொரு படம் எடுத்தேன்." ஜெபசீலி திரையைத் திருப்பினாள். இடது மார்பின் படம். ஓர் ஓரத்தில் கோலப்பொடி சிந்தின மாதிரி வெள்ளைத் துகள்கள்.

"இது கால்சியம். நீங்க சாப்பிடுத மாத்திரைக்கும் இதுக்கும் சம்பந்தமில்ல. வயசானா நிறைய பேருக்கு இருக்கும். அங்கொண்ணு இங்கொண்ணாக் கெடந்தா நாங்க கண்டுக்கிறதே இல்ல. இப்படிப் பொடிப்பொடியா ஒரே எடத்துல கூட்டம் போட்டிருந்தாத்தான் யாரு என்னன்னு விசாரிக்கணும்."

"அதுக்குத்தான் ஜோசியக்காரியா?" என்றாள் பிரதீபா.

"ஆமாம்மா. ஆனா அவ சொல்லணும்னா நீங்க மொதல்ல மூணு தேதி சொல்லணும்." ஜெபசீலி நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள். தினமும் பத்துப் பேருக்குச் சொல்கிற விளக்கம், ஆனாலும் நிதானமாகத்தான் சொன்னாள். "பெரியவளானா உள்ள ஒரு மாத்தம் வரும். புள்ள பெத்து பால் கொடுத்தா ஒரு மாத்தம். மாசாமாசம் வாரது நின்னா ஒரு மாத்தம். எல்லாத்துக்கும் சதையில சுவடு இருக்கு, ரோட்டுல மைல்கல் மாதிரி. கல்லு எங்க இருக்குன்னு மிஷினுக்குத் தெரியும். எந்தத் தேதியில நட்ட கல்லுன்னு உங்களுக்குத்தான் தெரியும். ரெண்டையும் சேத்துத்தான் என்ன வேகம்னு கணக்குப் போடும்."

"தேதி தப்பாப் போச்சுன்னா?"

"வேகம் தப்பாயிரும். அதனால நல்லா யோசிச்சு, நீங்களே உங்க வாயால சொல்லணும். சொல்றது குடும்பக் கோப்புல ஏறும், வீட்டாளுங்க எல்லாரும் பாக்கலாம். பரம்பரையா வருதான்னு தெரியணும்லா."

பெரியவளான தேதியைத் தாரிணி சொன்னாள். எட்டாம் வகுப்பு முழுப்பரீட்சை, அதனால் நன்றாக நினைவிருந்தது. மாதவிலக்கு நின்ற வருஷத்தையும் சொன்னாள்.

"மூணாவது, பால் நின்ற தேதி."

தாரிணி பிரதீபாவைப் பார்க்காமல் இருக்கப் பார்த்தாள், முடியவில்லை. பிரதீபா தன் கைப்பையின் ஜிப்பை ஆராய்ந்துகொண்டிருந்தாள்.

"2033 ஜூன் இருபத்தொண்ணு புள்ள பொறந்திச்சு. இருபத்தேழு போயிருச்சு. அதோட பாலும் நின்னுட்டு."

"ஆறு நாள்தானாம்மா?" ஜெபசீலி திரையையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தாள். "இங்க சுவடு ரொம்ப நீளமாக் காட்டுதே. ஆறு நாளைக்கு இவ்வளவு வராதே."

"ஆறு நாள்தான்."

ஜெபசீலிக்குப் பதிலைத் திருத்துகிற அதிகாரம் கிடையாது. ஆறு என்று போட்டாள். திரை ஒரு நிமிஷம் யோசித்துவிட்டுச் சிவந்தது.

பெரிய டாக்டர் வந்து பார்த்தார். ஆறு நாளில் அவ்வளவு தூரம் ஓடிய உடம்பு என்றால், அதே கணக்கில் இந்தத் துகள்கள் பிறந்து ஐந்து மாசம்கூட ஆகியிருக்காது. ராட்சச வேகம். பரவுவதற்கு முன்னால் இடது மார்பை முழுவதுமாக எடுத்துவிட வேண்டும் என்றார். பத்து நாளில் தேதி கொடுத்தார். தாரிணி தலையாட்டினாள்.

வெளியே வந்து பஸ்ஸில் உட்கார்ந்த பிறகும் பிரதீபா பேசவில்லை. வண்ணாரப்பேட்டை வந்தது, ஆற்றுப் பாலம் வந்தது, ஜங்ஷனும் வந்தது. வாயில் கொழுக்கட்டையை அடைத்தது மாதிரி ஜன்னலைப் பார்த்துக்கொண்டே வந்தாள். ஊருக்கெல்லாம் கணக்குச் சொல்லிக்கொடுத்தவள், இந்தக் கணக்கு எங்கே இடிக்கிறது என்று தெரியாதவளா? தாரிணிக்குக் கோபம் கோபமாக வந்தது. இறங்குகிற இடத்தில் மட்டும், "பாத்துப் போங்கக்கா," என்றாள் பிரதீபா.

வீட்டுக்கு வந்து விளக்கைக்கூடப் போடாமல் தாரிணி அந்த வருஷத்துக்குள் போய் உட்கார்ந்துகொண்டாள்.

முப்பத்துமூன்று வருஷம்! நேற்று மாதிரி இருக்கிறது. ஆறு நாள் வைத்திருந்துவிட்டுப் பிள்ளையை எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். பாலுக்கு அது தெரியுமா? அது பாட்டுக்கு வந்தது. ரவிக்கை நனைந்து, காய்ந்து, விறைத்து, மறுபடி நனைந்தது. துணியை வைத்து இறுக்கிக் கட்டிக்கொண்டு ஒரு மூலையில் கிடந்தாள். நாலு நாள் கழித்துப் பிரதீபாவுக்கு ஆண்பிள்ளை பிறந்தது. பிறந்த அஞ்சாம் நாள் அவளுக்குக் காய்ச்சல் கண்டு, கொடுத்த மருந்தில் பால் அடியோடு வற்றிப்போயிற்று. பிள்ளைக்குப் புட்டிப்பால் ஒத்துக்கொள்ளவில்லை, குடிப்பதும் கக்குவதுமாக இருந்தது. மாமியாரோ, பிள்ளையைச் சாகக் கொடுத்தவள் கை பச்சைப் பிள்ளை மேல் படக்கூடாது என்று சட்டம் போட்டிருந்தாள்.

ஒரு மத்தியானம், மாமியார் சீரியல் சத்தத்திலேயே தூங்கிப்போன நேரம், பிரதீபா காய்ச்சலோடு சுவரைப் பிடித்துக்கொண்டு வந்து பிள்ளையை நீட்டினாள். "எக்கா," என்றாள், வேறெதுவும் சொல்லவில்லை. தாரிணி வாங்கினாள். அந்தக் குஞ்சு வாய் வந்து பற்றிய வேகத்தில் உச்சந்தலையிலிருந்து உள்ளங்கால் வரைக்கும் என்னமோ ஓடியது. அழுதாளா சிரித்தாளா என்று இன்றைக்கும் அவளுக்குத் தெரியாது.

பிள்ளை குடித்து முடித்ததும் பிரதீபா தாரிணியின் கையை எடுத்து அவன் தலையில் வைத்து அழுத்தினாள். "யாருட்டயும் சொல்ல மாட்டேன்னு புள்ள தலையில சத்தியம் பண்ணுங்கக்கா. அத்தைக்குத் தெரிஞ்சா ரெண்டு பேரையும் பிரிச்சுருவாவ. நாளைக்கு அவனுக்கும் தெரியக்கூடாது. அவன் அம்மா பாலுதான் குடிச்சான்னு இருக்கட்டும்." தாரிணி சத்தியம் செய்தாள். அந்த நிமிஷம் கிணற்றில் குதி என்றாலும் குதித்திருப்பாள்.

பிறகு அரிசி மூட்டை அடுக்கிய உள்ளறைதான் அவர்கள் இடம். பச்சரிசி வாசமும் பெருங்காய வாசமும் சேர்ந்து வரும். நன்மாறன் என்று பெயர் வைத்தார்கள், மாறன் என்று கூப்பிட்டார்கள். இடது பக்கம்தான் குடிப்பான். வலது பக்கம் மாற்றினால் முகத்தைத் திருப்பிக்கொள்வான், அவ்வளவு ராங்கி. குடிக்கும்போது தாலிக்கொடியை விரலில் சுற்றிக்கொண்டு 'ம்ம் ம்ம்' என்று ராகம் போடுவான். பால் ஊற வேண்டும் என்று தாரிணி பூண்டைச் சுட்டுச் சுட்டுத் தின்றாள். "வாயுத்தொல்லை அத்தை," என்பாள். மூன்று வேளையும் வாயுத்தொல்லை! வீட்டு ஆண்கள் இருவருக்கும் ஒன்றும் தெரியாது. வீட்டு ஆண்களுக்கு என்னதான் தெரிந்திருக்கிறது.

ஆறு மாசத்தில் பிரதீபா பள்ளிக்கூடத்துக்குத் திரும்பிப் போனாள். தவழ்கிற பிள்ளையின் பின்னால் ஓட மாமியாரால் முடியவில்லை, அவள் போட்ட சட்டமும் தானாகத் தளர்ந்துபோயிற்று. பகல் முழுக்கத் தாரிணியின் ராஜ்ஜியம். அவன் முதல் முதலாக 'அம்மா' என்று சொன்னது தாரிணியைப் பார்த்து. பதினான்காவது மாசம், பிரதீபா பள்ளியிலிருந்து வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் நிற்கிறாள், அவள் எதிரிலேயே தாரிணியைப் பார்த்துச் சொல்லித் தொலைத்தான். அன்றைக்குச் சாயங்காலமே, "போதும்க்கா, நிறுத்திருவோம்," என்றாள் பிரதீபா. மார்பில் பூசிக்கொள்ள வேப்பிலையை அவளே அரைத்தும் கொடுத்தாள்.

அதன் பிறகு பிரதீபாவுக்கு ஒரு வசனம் உண்டு. மாறன் பத்தாம் வகுப்பில் தேறினாலும், காற்றாலை என்ஜினீயராகி வேலைக்குச் சேர்ந்தாலும், கல்யாண மேடையானாலும், நாலு பேர் முன்னால், "என் பாலக் குடிச்சு வளந்தவன், என் பேச்சத் தட்ட மாட்டான்," என்பாள். ஒவ்வொரு தடவையும் தாரிணி இலையில் கிடக்கிற அப்பளத்தை நொறுக்குவாள்.

இப்போது அவன் பெண்டாட்டி ஏழு மாசம். இந்த நேரத்தில் அவன் தலையில் செய்த சத்தியத்தை மீறுவதா? மிஷின் 2066-ல் வந்தால் என்ன, 3066-ல் வந்தால் என்ன, பிள்ளை தலை பிள்ளை தலைதான். மார்புதானே, எடுத்துக்கொண்டு போகட்டும் என்று அவள் முடிவு செய்தாள். முடிவு செய்துவிட்டு, இடது பக்கத்தைக் கையால் மூடிக்கொண்டு, ஊர் ஒப்பாரியை எல்லாம் ஒன்றாகச் சேர்த்து அழுதாள்.

ஆபரேஷனுக்கு முந்தின நாள் காலையில், துணிமணிகளைப் பையில் எடுத்து வைத்துக்கொண்டிருந்தபோது, பிரதீபாவும் மாறனும் வந்தார்கள். பிரதீபாவின் கண் இரண்டும் வீங்கியிருந்தது. மாறன் நேராக வந்து தரையில், பெரியம்மாவின் காலடியில் உட்கார்ந்தான். ஆறடி ஆள், சட்டையில் கிரீஸ் கறை, கயத்தாறு காற்றாலையிலிருந்து வேலையைப் பாதியில் விட்டுவிட்டு வந்திருந்தான்.

"அம்மா எல்லாத்தையும் சொல்லிட்டாவ, பெரியம்மா."

தாரிணி பிரதீபாவை முறைத்தாள். "ஏன் பிரதீ, அவன்ட்ட போயி? அவ வேற மாசமா இருக்கா!"

"எட்டு நாளு பாத்தேங்க்கா. நீங்களா சொல்லிருவியன்னு பாத்தேன்," என்று பிரதீபா அழ ஆரம்பித்தாள். "நீங்க சொல்ல மாட்டியன்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சுக்கிட்டே பாத்துட்டு இருந்தேன். நான்லாம் ஒரு மனுஷியா."

"இப்ப என்ன, அவன்ட்டதான சொன்ன. அவனோட போகட்டும். மிஷின்கிட்ட நான் சொல்ல மாட்டேன். சத்தியம் சத்தியம்தான்."

"எந்தத் தலையில பண்ணின சத்தியம் பெரியம்மா?" என்றான் மாறன்.

"ஒந்தலையிலதான்."

"தலை யாரோடது? அம்மாவோடதா, ஒங்களோடதா?"

அவன் அவள் கையை எடுத்துத் தன் தலையில் வைத்தான். உச்சியில் முடி கொட்டத் தொடங்கியிருப்பது அவள் விரலுக்குத் தெரிந்தது. ஒரு காலத்தில் அந்தத் தலை முழுவதும் அவள் உள்ளங்கைக்குள் அடங்கிக் கிடக்கும்.

"முப்பத்துமூணு வருஷம் சொமந்தாச்சு. என் தலையில வச்சத நானே எறக்குதேன்." அவள் கையை மெல்ல எடுத்து அவள் மடியில் வைத்தான். "அவ்வளவுதான். முடிஞ்சுது. இதுக்காகவா மார அறுத்துக்கிடப் போனிய?"

"அறுத்தா என்னல," என்றாள் தாரிணி. "நீ குடிச்சது குடிச்சதுதான?"

அதற்கு மேல் அவனால் தாங்க முடியவில்லை. இன்னும் இரண்டு மாசத்தில் அப்பனாகப் போகிறவன் அவள் மடியில் முகத்தை வைத்து அழுதான். "எய்யா, அழக்கூடாது, கண்ணத் தொடை," என்று சொல்லிவிட்டுத் தாரிணியும் அழுதாள். பிரதீபா தனியாகச் சுவரோரம் நின்று அழுதாள். கொஞ்ச நேரம் கழித்து மாறன்தான், "வாங்க, மத்தியானம் நிலையம் பூட்டுறதுக்குள்ள போயிருவோம்," என்று எழுந்தான்.

ஜெபசீலி அவர்களைப் பார்த்ததும் ஒன்றும் கேட்கவில்லை. இந்த நாற்காலியில் உட்கார்ந்து தேதியை மாற்றிச் சொன்ன எத்தனையோ பேரைப் பார்த்தவள். பழைய கணக்கைத் திறந்து, "பால் நின்ற தேதி?" என்றாள்.

"2034 செப்டம்பர்," என்றாள் தாரிணி. "பதினாலு மாசம் கொடுத்தேன். எம் புள்ளைக்கில்ல." மாறனைக் காட்டினாள். "இவனுக்கு."

திரை யோசித்தது. சிவப்பு போயிற்று. ஆனால் பச்சைக்கு வராமல் மஞ்சளில் வந்து நின்றுகொண்டது.

"வேகம் நல்லாக் குறைஞ்சிருக்கும்மா," என்றாள் ஜெபசீலி. "ஆனா மூணு கல்லும் ஒரு ரோட்டுல நிக்க மாட்டேங்குது. பெரியவளானது சரியாப் பொருந்துது. மாசாமாசம் வந்தது நின்னதும் பொருந்துது. நடுக்கல்லு மட்டும் தள்ளி நிக்கி. மஞ்சள்னா டாக்டர் நாளைக்கு ஆபரேஷன நிறுத்த மாட்டாவ. சரியாத்தான் சொல்லுதியளா?"

"பதினாலுதான," என்று மாறன் பெரியம்மாவைப் பார்த்தான்.

தாரிணி அந்தப் பதினான்காவது மாசத்துக்குள் போய் விழுந்தாள். வேப்பிலை விழுதைப் பூசிக்கொண்டு உட்கார்ந்திருந்த அந்த முதல் நாளே, அவன் தத்தித் தத்தி வந்து, தன் சட்டையாலேயே அதைத் துடைத்துவிட்டு, அவளை ஒரு பார்வை பார்த்தான். வேண்டாம் என்று சொல்ல எந்தப் பொம்பளையால் முடியும்? அதன் பிறகு தினமும் பிரதீபா பள்ளிக்குப் போனதும் அதே உள்ளறை, அதே அரிசி மூட்டை. மாமியாரை ஏமாற்றியது வேறு. இது பெற்றவளை ஏமாற்றியது. நிறுத்தியாச்சு என்று பிரதீபாவின் முகத்தைப் பார்த்தே சொல்லியிருந்தாள். அவளை உட்கார வைத்துக்கொண்டு, அவள் மகனையும் வைத்துக்கொண்டு, இதை எப்படிச் சொல்வது? முதல் சத்தியத்துக்காவது பிரதீபா கேட்டாள் என்று ஒரு நியாயம் இருந்தது. இந்தத் திருட்டு முழுக்க அவளுடையது.

"ஆமா, பதினாலுதான்," என்றாள். குரல் அவளுக்கே கேட்கவில்லை.

"இருபத்திரெண்டுன்னு போடும்மா," என்றாள் பிரதீபா.

மூன்று பேரும் அவளைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"2035 மே மாசம் நின்னுது. மொத வாரம்."

"நீங்க சொன்னா நான் போட முடியாதும்மா," என்றாள் ஜெபசீலி. "அவங்க வாயாலதான் வரணும்."

பிரதீபா நாற்காலியைத் தாரிணியின் பக்கம் நகர்த்தினாள். வகுப்பில் கணக்குத் தப்பாகப் போட்ட பிள்ளையின் பக்கத்தில் போய் உட்காருவது மாதிரிதான் உட்கார்ந்தாள். "சொல்லுங்கக்கா. எனக்குத் தெரியாததையா சொல்லப் போறிய."

"இருபத்திரெண்டு மாசம்," என்றாள் தாரிணி. "2035 மே."

திரை பச்சையானது. அவ்வளவு சுலபமாக, கண் மூடித் திறப்பதற்குள்.

ஜெபசீலி படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாள். பெரிய டாக்டரையும் கூப்பிட்டாள். அவர் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு பார்த்துவிட்டு, "நாளைய தேதிய எடுத்துருங்க," என்றார். "இது முப்பத்தோரு வருஷமா அசையாமக் கெடக்கு. ஆறு மாசம் கழிச்சு ஒரு படம் எடுத்துப் பாத்துக்குவோம், போதும்." அவர் போன பிறகு ஜெபசீலிதான் புரிகிற மாதிரி சொன்னாள்.

"இது பொறந்தது 2035 மே, ஜூன்ல. பால் சடார்னு நின்னிருக்கு. குடிக்க ஆளில்லாம குழாய்க்குள்ளயே தங்கிருச்சு. தங்குனது வத்தி, படிஞ்சு, சுண்ணாம்பாப் போச்சு. வேற ஒண்ணுமில்லம்மா. இது இவரு குடிக்காம விட்ட மிச்சம்."

மாறன் திரைக்குப் பக்கத்தில் போய் நின்றுகொண்டு அந்த வெள்ளைத் துகள்களையே பார்த்தான். பிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டு, ஆபரேஷனை ரத்து செய்கிற தாளில் கையெழுத்துப் போட ஜெபசீலியோடு வெளியே போனான்.

இரண்டு பெண்களும் தனியாக இருந்தார்கள். ஜன்னலுக்கு வெளியே வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது.

"ஒனக்கு எப்படித் தெரியும் பிரதீ?"

"புள்ள வாய மோந்து பாத்தா தெரியாதா? எது புட்டிப்பால் வாசம், எது தாய்ப்பால் வாசம்னு எனக்குத் தெரியாதா?" பிரதீபா முந்தானையால் கண்ணாடியைத் துடைத்தாள். "ஒரு நாளு பள்ளிக்கூடம் அரை நாளோட விட்டாச்சு. பொறவாசல் வழியா வந்தேன். உள்ளறை கதவு லேசாத் தொறந்திருந்துச்சு. நீங்க அவன்ட்ட என்னமோ கதை சொல்லிட்டிருந்திய. அவன் ஒங்க தாலிக்கொடியப் பிடிச்சுக்கிட்டு ம்ம் கொட்டிட்டிருந்தான். நான் வந்த வழியே திரும்பிப் போயி, பஸ் ஸ்டாப்புல ஒரு மணி நேரம் உக்காந்துட்டு, வழக்கமான நேரத்துக்கு முன்வாசல் வழியா வந்தேன்."

"அன்னைக்கு அழுதியா?"

"அழுதேன். மொத நாளு கோவத்துல அழுதேன். பொறவு தெனமும் வாசல் கேட்ட நாலு தடவ சத்தமா ஆட்டிட்டுத்தான் உள்ள வருவேன்."

தாரிணி அவளைப் பார்த்தாள். மாறன் கல்யாண மேடையில், பத்தாம் வகுப்பு ரிசல்ட்டில், வேலை கிடைத்த அன்று, நாலு பேர் முன்னால் அந்த வசனத்தைச் சொன்ன பிரதீபா. இலையில் அப்பளத்தை நொறுக்கிக்கொண்டு மனசுக்குள் எத்தனை தடவை இவளைத் திட்டியிருக்கிறாள்! அந்த வருஷம் கோடை விடுமுறை விட்டு, பிரதீபா நாள் முழுக்க வீட்டில் இருந்ததால்தான் பால் நின்றது. அதற்கும் சேர்த்துத் திட்டியிருக்கிறாள்.

"எட்டு மாசம்," என்றாள் தாரிணி. "எட்டு மாசமும் தெரியும். ஒரு வார்த்த கேக்கலியே பிரதீ. ஏன் கேக்கல?"

பிரதீபா கண்ணாடியை மாட்டிக்கொண்டாள்.

"கேட்டா நிறுத்திருவியள்லாக்கா," என்றாள்.